தேவகியின் சிரிப்பும் பதினோராம் விதியும்

மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு காலை. தார்னாகா சந்திப்பில் சிவப்பு விளக்கு. என் கணவர் சேகர் ஸ்கூட்டரை நிறுத்திக் காலை ஊன்றினார். நான் பின்னால் உட்கார்ந்து, மழைக்கோட்டின் தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, எதையும் பார்க்காமல் இருந்தேன்.

"அது நம்ம தேவகி இல்ல?" என்றார்.

நடைபாதையில் தேடினேன். பஸ் நிறுத்தத்தில் தேடினேன்.

"அங்க இல்ல. மேல பாரு."

நிமிர்ந்தேன். நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் மேல், இரும்புச் சட்டத்தில், புதிதாகக் கட்டிய விளம்பரப் பலகை. அதில் என் நாத்தனார் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரு பல்லின் அகலம் எங்கள் வீட்டு ஜன்னல் அளவு இருக்கும். ஈரக் கூந்தல் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஆறு மாதிரி ஓடியது. பின்னால் நிஜ மேகம் நகர்ந்துகொண்டிருந்ததால், மேகம் நிற்க அவள்தான் நகர்வது போல இருந்தது.

எனக்கு முதலில் வந்தது மகிழ்ச்சி. இதை மறைக்க விரும்பவில்லை. அந்தப் படம் நான் எடுத்தது. கீழே போகிற பஸ்களும் ஆட்டோக்களும் கம்பெனி வேன்களும் என் படத்துக்கு அடியில் போகின்றன என்ற நினைப்பில் ஒரு நிமிடம் மிதந்தேன்.

பிறகுதான் எழுத்தைப் படித்தேன். ஆங்கிலத்திலும் தெலுங்கிலும் ஒரே வாசகம்: 'இது என்னவர் எனக்குத் தந்த வீடு.'

பச்சை விளக்கு விழுந்துவிட்டது. பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். சேகர் வண்டியை எடுக்கவே இல்லை.

அரசாங்கத்தின் விரிசல்கள்

என் வேலையைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே கொஞ்சம் எழுதியிருக்கிறேன். ஹைதராபாத்தில் ஒரு மத்திய அரசு ஆய்வுக்கூடத்தின் போட்டோ பிரிவில் இருந்தேன். நான் எடுத்ததெல்லாம் உலோகம். உடைந்த உலோகம், வளைந்த உலோகம், வெப்பத்தில் நீலம் பாய்ந்த உலோகம். ஒரு தகட்டில் தலைமுடி அளவு விரிசல் விழுந்திருக்கும். அதைப் பெரிதாக்கினால் வானத்திலிருந்து பார்க்கும் கோதாவரி மாதிரி கிளை பிரிந்து ஓடும்.

இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழ், தட்டில் கிடக்கும் வெள்ளைக் காகிதத்தில் அந்த நதி மெல்ல எழுந்து வரும். எத்தனை வருடம் பார்த்தும் எனக்கு அது அலுக்கவில்லை. படம் கழுவும் ஹைப்போ கரைசலின் புளித்த வாசனை விரலில் ஒட்டிக்கொண்டு வீட்டுச் சோறு வரைக்கும் வரும்.

ஆனால் ஒரு படமும் என்னுடையது இல்லை. முதுகில் முத்திரை குத்தி, எண் போட்டு, பீரோவில் வைத்துப் பூட்டுவார்கள். வாசலில் கைப்பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வெளியே வர முடியும். அம்மா ஒரு தடவை கேட்டாள், "நீ எடுத்த போட்டோ ஒண்ணு காட்டேன்டி." என்னால் காட்ட முடியவில்லை.

அது அரசாங்க வேலை, அப்படித்தான் இருக்கும். எனக்கு அதில் குறை இல்லை. ஆனால் என் சொந்தப் படம் என்று ஒன்றாவது இருக்க வேண்டும் என்ற ஆசை அங்கேதான் முளைத்தது என்று நினைக்கிறேன். கோட்டி கடைவீதியில் பழைய காமிரா விற்கும் ஒருவரிடம், கைப்பிடித் தோல் உரிந்த ஒரு காமிரா வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அது என் கழுத்தில் தொங்கும்.

ஆடு தின்ற காகிதம்

தேவகி என் கணவரின் தங்கை. அதற்கு முன்பே என் பள்ளித் தோழி. மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் அடுத்தடுத்த வரிசைகளில் வளர்ந்தோம். இரண்டு வீட்டு அப்பாக்களும் அரக்கோணம் பக்கத்திலிருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்தவர்கள். அவள் அண்ணனை நான் கட்டிக்கொண்ட பிறகு என்னை 'அண்ணி' என்று கூப்பிட ஆரம்பித்தாள். ஆனால் 'நீ' மட்டும் 'நீங்க' ஆகவில்லை.

ஊரில் எல்லோரும் கம்ப்யூட்டர் படித்து விமானம் ஏறிக்கொண்டிருந்த காலம். அப்படி ஏறப்போகிற ஒருவருக்குத்தான் அவளைக் கொடுத்தார்கள். கல்யாணமான இரண்டாம் மாதம் அவர் அமெரிக்கா போனார். விசா வந்ததும் கூப்பிட்டுக்கொள்வதாகச் சொன்னார். முதலில் வாரம் ஒரு போன் வந்தது. பிறகு மாதம் ஒன்று. பிறகு போனே இல்லை.

மாமியார் வீட்டில் கொஞ்ச நாள் காத்திருந்துவிட்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டாள். அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்து அனுப்புவதைக் கேட்டுத் தட்டச்சு செய்கிற வேலை செகந்திராபாத்தில் கிடைத்தது. அவர் இருக்கிற ஊரின் குரல்களைக் காதில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் தாலியையும் கருகமணியையும் கழற்றி, ஒரு துணியில் முடிந்து, பெட்டிக்குள் வைத்தாள். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. இரண்டு வருடத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்க்கவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. கொல்லையில் வெந்நீர் அண்டாவிலிருந்து ஆவி கிளம்பி, முருங்கை இலை வழியாக வந்த வெயிலில் கலந்து, முற்றம் முழுக்கப் பால் மாதிரி நின்றது. அந்த வெளிச்சத்தை எடுக்கலாமா என்று காமிராவில் அளந்துகொண்டிருந்தேன். தேவகி தலைக்குக் குளித்துவிட்டு, நிறம் போன பருத்திப் புடவையில், கூந்தலை விரித்துவிட்டபடி வந்தாள்.

முந்தின நாள் அமெரிக்கக்காரர் தரப்பு வக்கீலிடமிருந்து விவாகரத்து நோட்டீஸ் வந்திருந்தது. அதைத் துவைக்கிற கல்லின் மேல், சோப்பு டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தாள். பக்கத்து வீட்டு ஆடு சோப்பு டப்பாவைத் தள்ளிவிட்டு, நோட்டீஸை நிதானமாக மென்றுகொண்டிருந்தது. முத்திரை இருந்த மூலை மட்டும் அதன் வாய்க்கு வெளியே ஆடியது.

தேவகி அதைப் பார்த்தாள். ஓடிப்போய்ப் பிடுங்குவாள் என்று நினைத்தேன். அப்படியே நின்றாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்தேன். பிறகு தலையைப் பின்னால் சாய்த்து, வானத்தைப் பார்த்துச் சிரித்தாள் பாருங்கள்! அந்த ஆவியும் வெயிலும் அவள் ஈரக் கூந்தலும் எல்லாமே சிரித்தன.

என் விரல் தானாக அழுத்தியது. ஒரே ஒரு தடவை.

ஆட்டின் காது ஒரு ஓரத்தில் விழுந்திருந்தது. பிரிண்ட் போடும்போது அதை வெட்டிவிட்டேன். இதையும் சொல்லிவிட வேண்டும்.

கடிகாரம்

உப்பலைத் தாண்டி அடுக்குமாடி வீடுகள் கட்டிக்கொண்டிருந்த ஒரு நிறுவனம் அந்த வருடம் புகைப்படப் போட்டி ஒன்று அறிவித்தது. தலைப்பு, 'இல்லத்தின் மகிழ்ச்சி'. எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் காமிரா கூட்டத்தில் நோட்டீஸ் கொடுத்தார்கள். முன்பக்கம் வழுவழுப்பான வண்ணக் காகிதம். பின்பக்கம் விதிகள், எறும்பு வரிசை மாதிரி, ஆங்கிலத்தில்.

ஆய்வுக்கூடத்தில் தலைமுடி அகல விரிசலைக் கண்டுபிடிக்கிற நான், அந்த விதிகளைப் படிக்கவில்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். தேவகியிடம் கேட்கவும் இல்லை.

பரிசு வந்தால் சொல்லி ஆச்சரியப்படுத்தலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் இரண்டாம் பரிசு வந்த பிறகும் சொல்லவில்லை. நிறுவனத்தின் பெயர் போட்ட ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். மணிக்கு ஒரு தடவை அது ஒரு மெட்டு வாசிக்கும். பரிசு வாங்கும்போது நெகட்டிவைக் கொடுத்துவிட வேண்டும் என்றார்கள். பட்டர் பேப்பர் உறையில் போட்டு எடுத்துப்போயிருந்தேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் அதை வாங்கி ஒரு அட்டைப் பெட்டிக்குள் போட்டாள். மற்ற நெகட்டிவ்களோடு அது சரிந்து விழுந்த சத்தம் லேசாகக் கேட்டது. அந்த நிமிடம் கை நீட்டி எடுத்துக்கொண்டிருக்கலாம்.

கடிகாரத்தை ஹாலில் மாட்டினோம். "எந்தப் போட்டோவுக்கு அண்ணி?" என்று தேவகி கேட்டாள்.

"கொல்லையில எடுத்தேனே, வெளிச்சம்... அது" என்றேன்.

பொய் இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பு நான் எடுத்துக் கொடுக்கக்கூடியது இல்லை என்று எனக்குள்ளே யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் வாய் வரவில்லை.

கண்ணாடிக்குள் நான்

இங்கே ஒரு பழைய கதை. பத்தாவது முடித்த வருடம், செகந்திராபாத்தில் ஒரு ஸ்டுடியோவில் என்னை உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். படம் நன்றாக வந்ததென்று ஸ்டுடியோக்காரர் ஒரு பிரதியைப் பெரிதாக்கிக் கடை முகப்பில், கண்ணாடிக்குள் வைத்துவிட்டார்.

எனக்கு அது தெரிந்ததும் பஸ்ஸை விட்டு இறங்கி, சுற்று வழியாகப் போய், எதிர்ப்பக்கம் நின்று பார்ப்பேன். சுற்றிலும் கல்யாண ஜோடிகள், நடுவில் இரட்டைச் சடையோடு நான். எனக்கு அவ்வளவு பெருமை.

அப்பாவுக்குத் தெரிந்தபோது, ஒர்க்‌ஷாப் உடையோடே போய்ச் சண்டை போட்டு எடுக்கவைத்தார். "எங்க பொண்ணு மூஞ்சி என்ன கடைச் சாமானா?" என்று கத்தினாராம்.

வைத்தவரும் என்னைக் கேட்கவில்லை. எடுக்கச் சொன்னவரும் என்னைக் கேட்கவில்லை. அந்த வயதில் அது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை என்பதுதான் இப்போது ஆச்சரியம்.

மறுபடி கட்டியது

தார்னாகாவிலிருந்து சேகர் வேலைக்குப் போகவில்லை. வண்டியைத் திருப்பி வீட்டுக்கு வந்தார். தேவகி வேலைக்குக் கிளம்பித் தலை சீவிக்கொண்டிருந்தாள். நான்தான் சொன்னேன். ஆடு, படம், போட்டி, கடிகாரம், பலகை எல்லாவற்றையும் ஒரே மூச்சில்.

அவள் சீப்பை வைத்துவிட்டு, "காட்டு" என்றாள்.

ஆட்டோவில் போனோம். மழை நின்று வெயில் வந்திருந்தது. சாலைக்கு எதிர்ப்புறம் ஒரு டீக்கடை ஓரம் நின்று அண்ணாந்து பார்த்தாள். வெகுநேரம். கீழே நின்ற முகத்தையும் மேலே இருந்த முகத்தையும் டீக்கடைக்காரர் மாறி மாறிப் பார்த்தார்.

காலையில் நான் கவனிக்காததையெல்லாம் அவள் கவனித்தாள். நிறம் போன பருத்திப் புடவையைக் கம்ப்யூட்டரில் சிவப்புப் பட்டாக்கியிருந்தார்கள். நெற்றியில் பெரிய குங்குமம். வெறுங்கழுத்தில் இரட்டை வரிசைக் கருகமணி.

"நான் கழட்டி வெச்சதை மறுபடி கட்டிவிட்டுட்டாங்க அண்ணி" என்றாள்.

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

அந்த வாரம் முழுவதும் மெட்டுகுடாவே எங்கள் வாசலில் நின்றது. "வீட்டுக்காரர் வந்துட்டாரா? புது வீடாமே!" என்று ஒருவர் லட்டு கொண்டுவந்தார். வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் வாழ்த்தினார்கள். மூன்றாம் நாள் அவள் மாமியாரிடமிருந்து போன். இத்தனை நாள் பேசாதவர், "எவன் வாங்கிக் கொடுத்த வீடு?" என்று கேட்டார். அவர்களுடைய வக்கீல் அந்தப் பலகையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டாராம்.

தேவகி ரிசீவரை வைத்துவிட்டு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "கைக்கு அண்ணி? கைக்கு என்னை ஒரு வார்த்தை கேக்கல?"

ஹைதராபாத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், 'ஏன்' என்பதைவிட அந்தக் 'கைக்கு' எவ்வளவு ஆழமாகக் குத்தும் என்று.

பதினோராம் விதி

மறுநாள் லீவு போட்டு நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனேன். விளம்பரப் பிரிவு மேலாளர் இளைஞர், மரியாதையானவர். ஆங்கிலமும் தெலுங்குமாக அவர் பேசியதை என் தமிழில் சொல்கிறேன்.

"படம் என்னுடையது. என் பெயர்கூடப் போடாமல், என்னைக் கேட்காமல், மாற்றியிருக்கிறீர்கள்" என்றேன்.

"மேடம், படம் உங்களுடையது இல்லை" என்றார், வருத்தப்படுகிற குரலில். இழுப்பறையிலிருந்து நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தை எடுத்தார். ஸ்கேலை வைத்துப் பதினோராம் விதியைக் காட்டினார்.

அன்றுதான் படித்தேன். பரிசு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், வந்த படங்களெல்லாம் நிறுவனத்துக்கே சொந்தம். எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம், எங்கே வேண்டுமானாலும், எக்காலத்துக்கும் பயன்படுத்தலாம். எடுத்தவர் பெயரைப் போட வேண்டிய அவசியம் இல்லை. படத்தில் இருப்பவரின் சம்மதத்தை எடுத்தவர் பெற்றிருக்கிறார். அந்த நபர் ஆட்சேபித்தால் முழுப் பொறுப்பும் எடுத்தவருடையது.

கடைசி இரண்டு வரிகளின் மேல் அவர் ஸ்கேல் நின்றது.

"படத்தில் இருப்பவர் வழக்குப் போட்டால் எங்கள் மேல் போட முடியாது மேடம். உங்கள் மேல்தான் போட வேண்டும்."

"தோற்றவர்களுடைய படங்களும் உங்களுக்கா?" என்று கேட்டேன்.

"எல்லாப் போட்டியிலும் இப்படித்தான் மேடம்" என்றார். அவருக்கு அதில் எந்தச் சங்கடமும் இல்லை. ஒரு கடிகாரத்துக்கு ஊரில் உள்ளவர்கள் எடுத்த நல்ல படங்களையெல்லாம் அள்ளிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவர் மனதில் தோன்றியதே இல்லை. என் மனதிலும் அதுவரை தோன்றவில்லையே.

வீட்டுக்கு வந்து தேவகியிடம் காகிதத்தைப் படித்துக் காட்டினேன்.

"அப்ப நான் கேஸ் போட்டா உன்மேலதான் போடணும்?"

"ஆமா."

"இவங்க யார்மேலயும் போட முடியாது?"

"அப்படித்தான் எழுதியிருக்கு."

"உனக்கு ஒரு சட்டமும் தெரியல அண்ணி. எனக்கும் தெரியாது. ஆனா இந்தக் காகிதத்துல கையெழுத்துப் போட்டது நீ. நான் போடல" என்றாள். "ஞாயித்துக்கிழமை அந்த வீட்டைப் பாக்கப் போலாம். வர்றியா?"

அவளுடைய வீடு

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் தலைக்குக் குளித்தாள். அதே பருத்திப் புடவையைக் கட்டிக்கொண்டாள். கூந்தலை விரித்தே விட்டாள். உப்பலில் பஸ் மாறி, அது நின்ற இடத்திலிருந்து செம்மண் பாதையில் நடந்தோம். இரண்டு பக்கமும் சோள வயல். நடுவில் திடீரென்று தூண்களாக ஒரு நகரம். சுவர் இல்லை, ஜன்னல் இல்லை, வானம் மட்டும் அறை அறையாகப் பிரிந்து நின்றது. அதில் இரண்டாம் மாடியில் ஒரே ஒரு வீடு மட்டும் முழுதாக முடிந்து, வெள்ளைத் திரைச்சீலை வெளியே பறந்துகொண்டிருந்தது. அதுதான் வருகிறவர்களுக்குக் காட்டுகிற மாதிரி வீடு.

உள்ளே போனால் கனவில் வருகிற வீடு மாதிரிதான். மேசையில் பிளாஸ்டிக் மாம்பழம். அலமாரியில் முதுகு மட்டும் உள்ள புத்தகங்கள். டி.வி. இருக்க வேண்டிய இடத்தில் கருப்பு அட்டை. தேவகி சமையலறைக் குழாயைத் திருகினாள். அது வெறுமனே சுற்றியது.

விற்பனைப் பெண் ஓடி வந்தாள். "மேடம், நீங்கதானே அந்த மாடல்!" அவளுக்கு ஒரே குதூகலம். சோபாவில் உட்காரவைத்துக் கூல்டிரிங்க் கொடுத்தாள். தேவகி நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள்.

முதல் குடும்பம் வந்தது. கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க ஒரு இளைஞர், அவர் மனைவி, மாமியார். தேவகியைப் பார்த்ததும் அந்த மனைவி முகம் மலர்ந்தது.

"ஆ ஃபோட்டோலோ உன்னதி நேனேனண்டி" என்று தேவகி தெலுங்கில் ஆரம்பித்தாள். அந்தப் படத்தில் இருப்பது நான்தான். "வீடு நல்லா இருக்கு. காத்து வருது. ஆனா இதை எனக்கு யாரும் வாங்கித் தரல. என் வீட்டுக்காரர் என்னை விட்டுட்டுப் போயிட்டார். படத்துல கழுத்துல இருக்கே, அது கம்ப்யூட்டர்ல போட்டது. நான் சிரிச்சது அவர் அனுப்பின விவாகரத்து நோட்டீஸை ஆடு தின்னதுக்கு."

குரலை உயர்த்தவில்லை. விருந்தாளிக்கு வழி சொல்வது போலச் சொன்னாள்.

அடுத்த குடும்பத்துக்கும் அதையே சொன்னாள். அதற்கடுத்த குடும்பத்துக்கும். சிலர் மெல்ல நழுவினார்கள். சிலர் பால்கனியைப் பார்க்கப் போவது போல விலகி நின்று பேசிக்கொண்டார்கள். மகனோடு வீடு பார்க்க வந்த ஒரு வயதான அம்மாள் மட்டும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டார். மகன் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

மதியத்துக்குள் விளம்பர மேலாளரே வந்து சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில் இன்னும் இளையவராகத் தெரிந்தார்.

"மேடம், தயவுசெய்து எழுந்து வெளியே வாருங்கள். அலுவலகத்தில் பேசலாம்."

"கைக்கு?" என்றாள் தேவகி. "என் வீட்டுல இருந்து என்னை எழுந்திருக்கச் சொல்றீங்களா? ஊர் முழுக்க என் வீடுன்னு போர்டு வெச்சிருக்கீங்களே. நான் குடிவந்துட்டேன். தினமும் வருவேன்."

நான் இதைத் தெலுங்கில் சொல்ல வாய் எடுத்தேன். தேவையிருக்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். என் கையெழுத்துக் காகிதம் அன்று அவர் கையில் இல்லை. இருந்திருந்தாலும் அதில் தேவகிக்கு எதிராக ஒரு வரி இல்லை. அவர் திரைச்சீலை ஓரமாகப் போய் செல்போனில் யாருடனோ நீண்ட நேரம் பேசினார். காற்றில் திரைச்சீலை அவர் முகத்தை மூடி மூடித் திறந்தது.

கீழே வந்தவள்

அந்த வாரத்திலேயே பலகையை அவிழ்த்தார்கள். நானும் சேகரும் தார்னாகாவில் நின்று பார்த்தோம். கயிற்றை ஒரு பக்கம் விட்டதும் தேவகி பாதியாக மடிந்து, காற்றில் ஒரு தடவை உப்பி, மெல்லச் சரிந்தாள். சேகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

நிறுவனம் ஒரு கடிதமும் கொடுத்தது. படத்தில் உள்ளவரின் அனுமதியின்றி, அவருக்குத் தொடர்பில்லாத வாசகத்தோடு பயன்படுத்தியதற்கு வருந்துகிறோம் என்று நாலு வரி. மாமியார் வீட்டு வக்கீலின் வாயை அடைக்க அது போதுமானதாக இருந்தது. ஆடு தின்ற விவாகரத்து நோட்டீஸின் இன்னொரு பிரதி பிறகு வந்தது. தேவகி அதில் கையெழுத்துப் போட்டு, தானே தபாலில் சேர்த்தாள்.

விதி மாறியதா என்றால், இல்லை. அடுத்த வருடப் போட்டி நோட்டீஸிலும் பதினோராம் விதி அப்படியே இருந்தது. அதைத் தெலுங்கில் பெரிய எழுத்தில் எழுதி எங்கள் காமிரா கூட்டம் நடக்கும் இடத்தில் ஒட்டினேன். படித்துவிட்டுச் சிலர் படம் அனுப்பவில்லை. சிலர், "ஒரு படம்தானே மேடம், போகட்டும்" என்று அனுப்பினார்கள். அவர்களோடு நான் சண்டை போடவில்லை. முந்தின வருடம் நானும் அதைத்தானே செய்தேன்.

நெகட்டிவ் திரும்பி வந்தது, அதே பட்டர் பேப்பர் உறையில். அதைத் தேவகியிடம் கொடுத்தேன். "இது உன்னோடது. கிழிக்கணும்னாலும் கிழிச்சிடு."

அவள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நெகட்டிவில் எல்லாமே தலைகீழ்தானே. கூந்தல் வெள்ளையாக, முகம் கருப்பாக, பற்கள் இன்னும் கருப்பாக.

"ஏய் அண்ணி, நான் கிழவியானா இப்படித்தான் இருப்பேனா?" என்று சிரித்தாள். அன்று கொல்லையில் சிரித்த அதே சிரிப்பு. இல்லை, அதைவிடப் பெரியது. காமிரா என் கழுத்தில்தான் இருந்தது. கை அதன் மேல் போய்விட்டது.

"எடுக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"நக்கோ, வேணாம்" என்றாள், சிரிப்பு நிற்காமலே.

நான் எடுக்கவில்லை.

இந்த அத்தியாயத்தை எழுதலாமா என்று போன மாதம் அவளைப் போனில் கேட்டேன். தன்னை விட்டுப்போன அந்த ஆளின் பெயரைப் போடக் கூடாது, அனுப்புவதற்கு முன்னால் படித்துக் காட்ட வேண்டும் என்றாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. நேற்று முழுவதையும் படித்தேன். ஆடு வந்த இடத்தில் 'ஹவ், ஹவ்' என்று ஆமோதித்தாள். மாதிரி வீடு வந்ததும் பேச்சு நின்றது. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று, "தேவகி?" என்றேன்.

"இருக்கேன்" என்றாள். "ஒண்ணு விட்டுட்ட அண்ணி. அந்த மேனேஜர் போன்ல பேசிட்டிருந்தப்ப நான் உள் ரூமுக்குப் போனேன். அங்க ஒரு கட்டில் போட்டிருந்தாங்க. அதுல கொஞ்ச நேரம் படுத்துப் பாத்தேன். ஜன்னல்ல சோளக்கொல்லை தெரிஞ்சுது. நல்லா இருந்துச்சு அண்ணி. அதையும் எழுது."